சத்தம் கேட்காத ஜன்னல்

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் தன் அப்பா வருவார் என்று மனைவி சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவன் அன்று காலை கண்ணாடி அறைக்குள் போனான். காலம் பூராவும் பஸ் ஓட்டிய மனிதருக்கு, சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே போய் நிற்பதுதான் நேரத்துக்குப் போவது என்பது அவன் புத்தியில் உறைக்கவில்லை.

அவன் வேலை பார்த்தது வீட்டுக்குச் சூரிய மின்சாரமும், வெயில் இறங்காத கூரையும், சூளையில் சுடாத மண் கல்லும் விற்கிற ஷோரூம். விற்பது என்றால் பெட்டியில் போட்டுக் கொடுப்பதல்ல. முதலில் நம்ப வைக்க வேண்டும். வாசலில் ஒரு சின்ன சோலார் பலகையும் அதோடு இணைத்த பொம்மை மின்விசிறியும் இருக்கும். பலகையைக் கையால் மறைத்தால் விசிறி நிற்கும், எடுத்தால் சுற்றும். வருகிற பெரிய மனிதர்கள்கூட யாரும் பார்க்கவில்லையென்றால் நாலைந்து தடவை மறைத்து மறைத்துப் பார்ப்பார்கள். அடுத்தது விளக்குக்கு அடியில் இரண்டு தகரக் குட்டி வீடுகள். ஒன்றுக்கு மட்டும் கூரையில் வெள்ளைப் பூச்சு. உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, கணவன் மனைவியைக் கூப்பிடுவான்: "நம்ம மாடி ரூம் மாதிரியே கொதிக்குது பாரு." மனைவி சொல்லுவாள்: "பத்து வருஷமா நான் சொன்னப்போ கொதிக்கலையாக்கும்."

ஷோரூமின் நடுவில் இருந்தது கண்ணாடி அறை. நாலு பேர் நெருக்கிக்கொண்டு நிற்கலாம். அதன் ஒரு பக்கச் சுவர் முழுக்க மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல். வெயிலும் உள்ளே வராது, சத்தமும் வராது. சூடு வராததைக் காட்டத் தகர வீடு மாதிரி ஏதாவது போதும். சத்தம் வராததை எப்படிக் காட்டுவது? உள்ளே ஒரு ஆள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கத்த வேண்டும். வெளியே நிற்பவர்களுக்கு வாய் அசைவது மட்டும் தெரியும். அந்த ஆள் அவன்தான்.

ஆரம்பத்தில் உள்ளே போய்ப் பாட்டுப் பாடினான். சனங்கள் கொட்டாவி விட்டபடி அடுத்த பகுதிக்கு நகர்ந்தார்கள். தகரத்தைத் தட்டிப் பார்த்தான். அதுவும் எடுபடவில்லை. ஒருநாள், கூட்டம் கலையப்போகிற நேரத்தில், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான்.

"எங்களோடது காதல் கல்யாணம்ங்க. தாலி கட்டி வீட்டுக்குள்ள வந்து உக்காந்ததும் மாமனார் வாசல்ல வந்து நின்னுட்டார். அன்னைக்கு மட்டும் எங்க வீட்டுல இந்த ஜன்னல் இருந்திருந்தா, நாங்க நிம்மதியா சாப்பிட்டிருப்போம். எப்படின்னு பாருங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய் மாமனாரைச் செய்து காட்டினான். அவர் எப்படிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், பஸ் கிளம்பலாம் என்று தகரத்தில் அடிப்பது போல உள்ளங்கையால் கேட்டில் எப்படி இரண்டு தட்டுத் தட்டினார், தட்டிவிட்டுப் பதில் வருகிறதா என்று காதில் கையை வைத்து எப்படிச் சாய்ந்தார், பிறகு தோள் துண்டை எடுத்து மூக்கை எப்படித் துடைத்தார், திரும்பவும் எப்படித் தட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்று மட்டும் இரண்டு வீட்டுக்கு ஜன்னல் போயிற்று.

மேனேஜரம்மாவுக்கு வாயெல்லாம் பல். "இதை ஏம்ப்பா இத்தனை நாள் உள்ள வச்சிருந்தே? இனிமே பாட்டு வேணாம். அந்த மாமனாரையே போடு."

அன்றிலிருந்து மாமனார்தான். போகப்போக அவன் மெருகேற்றினான். செருப்பு ஒன்று கழன்றுபோக, அதைக் காலால் தேடுவதைச் சேர்த்தான். அதுவும் நடந்ததுதான். கையெடுத்துக் கெஞ்சுவது போல ஒரு கும்பிடு சேர்த்தான். அது நடக்கவில்லை. ஆனால் அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

வீட்டில் இதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை. ஜன்னலை எப்படிக் காட்டுவாய் என்று மனைவி ஒருமுறை கேட்டபோது, "ரேடியோவைப் போடுவேன்" என்றான். அவளுக்கு அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகம் சுருங்கிவிடும். அப்பா கூப்பிடக் கூப்பிட அவள் ஜன்னலுக்குக் கீழே, தரையில், வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அவனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மாமனார் அதற்குப் பிறகு வெகுகாலம் அவர்கள் தெருப்பக்கமே வரவில்லை. போன மாதம்தான், மாமியார் அழுது அழுது அனுப்பி வைத்ததில், முதல்முறையாக வீட்டுக்கு வந்தார். அரை டம்ளர் காபி குடித்தார். அவனைத் 'தம்பி' என்று கூப்பிட்டார். போகும்போது, மாடியில் ஒரு அறை கட்டப் போவதாகவும், வெயில் தாங்காது என்று எல்லோரும் பயமுறுத்துவதாகவும் சொன்னார்.

மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம ஷோரூமுக்கு வாங்கப்பா. எல்லாம் இவரே காட்டுவார். அங்க இவருக்கு எவ்வளவு மரியாதைன்னு வந்து பாருங்க."

அதற்குத்தான் இன்றைய வருகை. மதியம் ஜன்னல் பக்கம் போகாமல் நேரே மாடிக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

காலையிலேயே வீடு கட்டுகிற ஒரு குடும்பம் பட்டாளமாக வந்து இறங்கியது. "மாமனார் இருக்காராமே, எங்க மச்சான் சொன்னான்" என்று ஒருவர் கேட்டே விட்டார். மேனேஜரம்மா அவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவன் கதையைச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். ரப்பர் விளிம்பு அழுந்தியதும் வெளிச்சத்தம் அடியோடு நின்றது.

கேட்டைப் பிடித்தான். இரண்டு தட்டு. காதில் கை. வெளியே வரிசையாக வாய்கள் திறந்தன. துண்டை எடுத்து மூக்கைத் துடைத்தான். காலால் செருப்பைத் தேடினான். கையெடுத்துக் கும்பிட்டான். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்தபடி பக்கத்தில் இருந்தவள் மேல் சாய்ந்தாள். அவள் சாய்ந்ததால் கிடைத்த இடைவெளியில், பின்னால் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. தோளில் துண்டு.

மாமனார் நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் அவன் மனைவி, கையில் அப்பாவின் குடையோடு.

அவன் கை கும்பிட்டபடி அப்படியே நின்றது. சனங்கள் அதையும் நடிப்பு என்று எண்ணி இன்னும் சிரித்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. பல்லும் தோளும் குலுங்குவது மட்டும் தெரிந்தது. மேனேஜரம்மா வந்தவரை வாடிக்கையாளர் என்று நினைத்து, அவர் காதருகே குனிந்து, அவனைச் சுட்டிக்காட்டி, சிரித்துச் சிரித்து எதையோ விளக்கினாள். என்ன விளக்கினாள் என்று அவனுக்குக் கேட்கவேண்டியதில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் அவள் சொல்வதுதான்: கதை இல்லைங்க, இவரோட சொந்த மாமனாரேதான், நிஜமா நடந்தது.

மாமனார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு பெரியவர் சொல்வதைக் கேட்பது போன்ற மரியாதையோடு. மனைவி சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. குடையின் நாடாவைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

வெளியே வர வேண்டும். கதவு மூன்று அடி தூரத்தில்தான் இருந்தது. இந்த அறைக்குள்ளேயே ஆயுசு முடிந்துவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது. திறந்தான். சிரிப்பின் மிச்சம் முகத்தில் அறைந்தது.

"ஜன்னல் நல்லா இருக்கு தம்பி" என்றார் மாமனார். "ஒண்ணுமே கேக்கல."

"மாமா, நீங்க... மத்தியானம்னு..."

அந்த 'மாமா'வில் மேனேஜரம்மாவின் முகம் விளக்கு அணைந்தது போல ஆனது. இவரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயா, நான் வந்து... வியாபாரத்துக்காக ஏதோ... டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டீயைத் தேடிப் போய்விட்டாள். போனவள் வெகுநேரம் திரும்பவே இல்லை.

"வீட்டுக்குப் போயிடலாம்ப்பா" என்றாள் மனைவி.

"எதுக்கு? வந்த வேலையைப் பாப்போம்." மாமனார் துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். போட்டவர், அது தோளில் இருப்பதே இப்போதுதான் நினைவுக்கு வந்தது போல, எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதைப் பார்த்தபோதுதான் அவனுக்கு உடம்பு கூசியது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். ஒரு அறை விட்டிருந்தால் இன்னொரு கன்னத்தைக் காட்டியிருப்பான். அந்தத் துண்டை மடித்து ஒளித்து வைத்ததை என்ன செய்வது?

எல்லாம் காட்டினான். மூங்கில் பலகையைத் தட்டிக் காட்டினான். மண் கல்லைக் கையில் கொடுத்தான். மாமனார் அதை வாங்கி எடை பார்த்து, "சுடாமலே நிக்குமா?" என்று கேட்டார். "நிக்கும் மாமா, கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்தி எடுக்குறாங்க" என்றான். அவனுடைய குரல் அவனுக்கே வேறு யாரோ விற்பனையாளன் பேசுவது போல இருந்தது. தகர வீட்டுக்குள் கையை விடச் சொன்னான். அவர் விட்டார். "ஆமா, வித்தியாசம் தெரியுது" என்றார். அவர் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். ஒவ்வொரு தலையாட்டலும் ஊசியாக இறங்கியது.

மனைவி பின்னாலேயே வந்தாள். ஒரு இடத்தில் மாமனார் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் அவள் பக்கம் சரிந்து, "எதையும் நெனச்சுப் பண்ணலம்மா. சும்மா சிரிப்புக்கு" என்று முணுமுணுத்தான்.

"அந்தக் கும்பிடு எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்டாள் அவள். "எங்கப்பா அன்னைக்குக் கும்பிடல."

அவன் மாமனார் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"செருப்பு சரி. மூக்கு சரி. கும்பிடு நீங்களா போட்டதா?"

தனியே பேசும்போது அவள் அவனை 'நீங்க' என்பதில்லை. அதைக் கேட்டுத் திருத்தும் யோக்கியதை தனக்கு இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

கடைசியாக மொட்டை மாடி. சோலார் பலகைகள் வரிசையாகச் சாய்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் சுடுதண்ணீர்த் தொட்டி. அதன் நிழலில் மூவரும் நின்றார்கள். கீழே சாலையில் பஸ்கள் போகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. மாமனார் சற்று நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பலகை எத்தனை வருஷம் உழைக்கும், மழைநாளில் என்ன ஆகும் என்றெல்லாம் விசாரித்தார். அவன் சொன்னான். பிறகு அதே குரலில், அதுவும் பலகையைப் பற்றிய கேள்வி போலவே கேட்டார்:

"அன்னைக்கு நான் கூப்பிட்டது உள்ள கேட்டுச்சா தம்பி?"

அவன் விற்பனையாளன். வாடிக்கையாளர் எந்தப் பதிலைக் கேட்க வந்திருக்கிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே அவனுக்குத் தெரியும். இந்த முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது.

"இல்ல மாமா. தெருவுல ஒரே இரைச்சல். நீங்க நின்னதை நான் மட்டும் திரை வழியா பாத்தேன். இவ உள்ரூம்ல இருந்தா. ஒண்ணும் கேக்கல."

மாமனார் மூச்சை விட்டார். எவ்வளவு நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சோ.

"அதான். நானும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். உங்க அத்தைகிட்டகூடச் சொன்னேன். அவளுக்குக் கேட்டிருக்காதுடி, கேட்டிருந்தா வந்திருப்பான்னு." சிரித்தார். "டிரைவர் தொண்டை வேற. ரிட்டயர் ஆனதும் சத்தம் போச்சு போலன்னு நெனச்சேன்."

அவனுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. ஒரு கணம்தான்.

"கேட்டுச்சுப்பா" என்றாள் மனைவி.

"ஏய்" என்றான் அவன், மெல்ல.

"எல்லாமே கேட்டுச்சு. நீங்க தட்டினது, என் பேரச் சொன்னது, சாப்பிட்டியான்னு கேட்டது. ஜன்னலுக்குக் கீழதான் உக்காந்திருந்தேன். கையெட்டுற தூரம்." அவள் குரல் நடுங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நான்தான் வரல. இவர் மேல கோவிச்சுக்காதீங்க. வராதது நான்."

தொட்டிக்குள் தண்ணீர் களக் என்று ஒரு சத்தம் போட்டது. மாமனார் மகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அந்த முகம் இறங்குவதை அவன் பக்கத்திலிருந்து பார்த்தான். கீழே சனங்கள் சிரித்தபோதுகூட அது இப்படி இறங்கவில்லை.

அவள் சொன்னதில் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி அவனிடம் இருந்தது. அன்று அவள் உட்கார்ந்தபடியே இருந்துவிடவில்லை. அப்பா 'சாப்பிட்டியாம்மா' என்று கேட்டதும் எழுந்துவிட்டாள். தாழ்ப்பாளில் கைகூட வைத்துவிட்டாள். அந்தக் கையின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு, "நீ இப்ப திறந்தா அவர்கூடப் போயிடுவே, எனக்குத் தெரியும்" என்று சொன்னவன் அவன். அவர் போகிற வரையில் அவன் கையை எடுக்கவில்லை. அதை அவள் இப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூட்டத்தின் நடுவில் அவள் அப்பனை அவன் எப்படிக் காட்டினான் என்று பார்த்த பிறகும், அவள் அப்பனிடம் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சொல்ல வேண்டியது அவன். வாயைத் திறந்தான். அப்போது பார்த்து மாடிப்படியில் இருந்து ஒரு வாடிக்கையாளர் தலையை நீட்டி, "சார், இந்தத் தொட்டி எத்தனை லிட்டர்?" என்றார். அவன் பதில் சொன்னான். அடுத்த கேள்விக்கும் பதில் சொன்னான். பதில் சொல்ல ஒரு ஆள் கிடைத்ததில் அவனுக்கு உள்ளூர ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை அவன் கவனித்தும் விட்டான். திரும்பிப் பார்த்தபோது அப்பாவும் மகளும் படியிறங்கிப் போயிருந்தார்கள்.

ஓடினான். படியில் ஓடி, கண்ணாடி அறையைத் தாண்டி, பொம்மை விசிறியைத் தட்டிவிட்டு, வாசலுக்கு வந்தபோது மாமனார் ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு நின்றார். மனைவி ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மாவைப் பாத்துட்டு வரேன்னு சொல்றா" என்றார் மாமனார். "ரெண்டு நாள் இருக்கட்டும்."

கல்யாணத்துக்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்குப் போனதில்லை. போக வேண்டும் என்று அவள் ஏங்கியதெல்லாம் இப்படித்தான் நடக்க வேண்டுமா?

"மாமா. அவ பாதிதான் சொன்னா." மூச்சு வாங்கியது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டான். எத்தனையோ பேர் பார்க்க எதையெல்லாமோ செய்தவன்தானே. "அவ எந்திரிச்சா. தாழ்ப்பாள்ல கை வச்சிட்டா. நான்தான் கையப் புடிச்சுக்கிட்டேன். விடல. நீங்க போற வரைக்கும் விடல. அவ வந்திருப்பா மாமா."

மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெயில் மாமனாரின் நெற்றியில் அடித்தது. துடைக்கப் பையில் இருந்த துண்டுக்குக் கை போனது, எடுக்காமல் திரும்பியது. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"இதை இப்ப அவளுக்காகச் சொல்றீங்களா, உங்களுக்காகச் சொல்றீங்களா?"

அவன் யோசித்தான். நல்லதாக ஒரு பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினான்.

"தெரியல மாமா."

"ம்." அவர் ஆட்டோவில் ஒரு காலை வைத்தார். ஏறவில்லை. "எந்திரிச்சாளா?" என்று மறுபடி கேட்டார்.

"எந்திரிச்சா."

"தாழ்ப்பாள்ல கை வச்சாளா?"

"வச்சா மாமா."

அவர் தலையை ஆட்டினார். அந்த இரண்டையும் எடுத்து எங்கோ பத்திரமாக வைத்துக்கொள்பவர் போல இருந்தது. பிறகு உள்ளே ஏறி மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையிலிருந்த குடையை வாங்கித் தன் காலுக்கிடையில் நிறுத்தினார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க மாப்பிள்ளை" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் காத்திருந்த வார்த்தை அது. தம்பி, தம்பி என்று கேட்டுக் கேட்டு, என்றைக்காவது இவர் வாயில் மாப்பிள்ளை என்று வருமா என்று மனைவியிடம் புலம்பியிருக்கிறான். வந்துவிட்டது. வாங்கிக்கொள்ளக் கைதான் கூசியது.

"வேணாம்ப்பா" என்றாள் மனைவி. அவனைப் பார்க்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. "நீங்க கூப்பிட்டீங்கன்னு வர வேணாம். நான் கூப்பிடும்போது வரட்டும்."

மாமனார் மகளையும் அவனையும் பார்த்தார். ஆட்டோக்காரரின் முதுகைத் தொட்டு, "போலாம்ப்பா" என்றார்.

ஆட்டோ சாலையில் சேர்ந்து, ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்தது. அவன் வாசலிலேயே நின்றான். உள்ளேயிருந்து மேனேஜரம்மா வந்து, அவனிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றாள்.

"அடுத்த பார்ட்டி வந்திருக்காங்க" என்றாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் வேணா ரேடியோ எடுத்துட்டு வரச் சொல்றேன்" என்றாள்.

"சொல்லுங்க" என்றான் அவன். சட்டைப் பையில் போன் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். எப்போதும் ஷோரூமுக்குள் சத்தத்தை அணைத்து வைப்பது வழக்கம். அன்று சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உள்ளே போனான்.